நாலாவது தட்டு

“பிசையாதடா, உதிர்த்து விடு!” கட்டிலில் படுத்தபடியே அக்கா அதட்டினாள்.

தம்பி பாத்திரத்திலிருந்து கையை எடுத்தான். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய கை. மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் அதில் சாந்து மாதிரி அப்பிக்கொண்டிருந்தன.

“ஸ்டியரிங்கப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா அப்படித்தான். விரல் நுனி போதும். இங்க கொண்டா.”

அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அவன் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினான்.

“வெண்ணெய் உருகிடுச்சு. இன்னும் ஒரு பிடி மாவு போட்டு, ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சு எடு.”

பள்ளிக்கூட கேன்டீனில் முப்பது வருடம் சமைத்தவள். ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே ஓவன் வைத்து ஆர்டர் எடுத்தாள். ஒரு கல்யாண வரவேற்புக்கு நாலு தட்டு ‘ஆப்பிள் பை’ பலகாரம் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் டாக்டர், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். வரவேற்பு இன்று மாலை.

“முடியாதுன்னு சொல்லிடலாம்க்கா,” என்று காலையில் அவன் சொல்லிப்பார்த்தான்.

“ஏன்? எனக்குத்தான் உடம்பு முடியல. உனக்கு என்ன கேடு?”

பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தட்டு ஒரு மூலையில் கருகியது. அந்த மூலையை வெட்டி எடுத்து நீயே தின்னு என்றாள் அக்கா. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை மோந்து பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுல ஒருத்தன் உருப்பட்டுட்டான்,” என்றாள்.

நாலாவதற்கு அவன் எதையும் கேட்கவில்லை. ஆப்பிளைச் சீவி, பட்டைத்தூள் தூவி, தட்டில் விரித்த மாவின் மேல் பரப்பி, அதன் மேலே உதிர்த்த மாவு உதிரியைத் தூவி ஓவனுக்குள் வைத்தான்.

“எத்தனை நிமிஷம்?” அக்காவின் குரல் தணிந்திருந்தது.

“நாப்பத்தஞ்சு.”

“கடிகாரத்த நம்பாத. ஓரத்துல சாறு கொதிச்சு மேல வரணும்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து மனைவி, “என்னங்க,” என்றாள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவன் வந்து அக்காவின் மூக்கருகே விரலை வைத்தான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். வீடு முழுக்க வெண்ணெயும் பட்டையும் மணத்தது.

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். ஓவன் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். ஓரத்தில் சாறு குமிழியிட்டு மேலே வந்திருந்தது. தட்டை வெளியே எடுத்தான். உதிரி பொன்னிறமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது.

“நீ டாக்டருக்குப் போன் பண்ணு. நான் இதக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“இப்பவா?”

“அக்கா ஒத்துக்கிட்ட வேலை.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அலமாரியிலிருந்து நாலு துண்டு எடுத்து வந்து தட்டுகளைச் சுற்றிக் கொடுத்தாள். “மெதுவா ஓட்டுங்க,” என்றாள்.

மண்டபத்தில் அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஓடிவந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டார்.

“அக்கா வரலையா? உடம்பு தேவலையா?”

“அவங்கதான் அனுப்பிவிட்டாங்க.”

அவர் ஓரத்தில் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். “அக்கா கைன்னா கைதான்!”

“ஆமாங்க.”

யாரோ கூப்பிட, அவர் உள்ளே போனார். கல்யாணப் பெண் அலங்காரத்தோடு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தட்டிலிருந்து உதிரியை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவனைக் கண்டதும் நாக்கைக் கடித்தாள். பட்டுச் சேலையில் பொடி சிந்தியிருந்தது.

அவன் தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.