இரண்டு கையும் தெரியணும்

கடைப் பெண் முதலில் சொன்னதே அதைத்தான். இந்தத் திட்டத்தில் பேச்சு முழுக்க இலவசம், எந்த நம்பருக்கு வேண்டுமானாலும் வாய் வலிக்கும்வரை பேசிக்கொள்ளலாம். தம்பி அவள் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான். அக்கா கையால் எடுத்துச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தான் பேசாமல் மிச்சம் பிடித்து வைத்திருக்கும் பேச்சுக்கெல்லாம் சேர்த்துக் கம்பெனி ஏதாவது திருப்பித் தருமா என்று கேட்டான். அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்த வேடிக்கையை அவள் கடைப் பெண்ணிடம் சொல்லவில்லை. "அவனுக்குக் காது கேக்காதும்மா. பேச்சும் வராது. வீடியோலதான் எல்லாம்," என்று மட்டும் சொன்னாள்.

கடைப் பெண் பதறிப்போனாள். நல்ல பெண்தான், வேலைக்குப் புதிது போலிருந்தது. முதலில் அவனைப் பார்த்துச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக "வ-ண-க்-க-ம்" என்றாள். அது சரிப்படாது என்று தோன்றியதும் அக்காவிடமே பேச ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு எந்தக் கலர் பிடிக்கும், அவர் கேம் விளையாடுவாரா என்று எல்லாவற்றையும் அக்காவிடமே கேட்டாள். அக்காவும் அவனைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லிக்கொண்டு போனாள். அது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. அவனுக்குப் பல் முளைத்த காலத்திலிருந்து அவள்தான் அவன் வாய். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவர்களே அடுப்படியிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து உண்டாக்கிக்கொண்டது. மூக்கைச் சுருக்கினால் எதிர்வீட்டு அம்மா. காதைத் திருகினால் கணக்கு வாத்தியார். அம்மாவுக்குப் புரிந்தது அதில் பாதி, அப்பாவுக்குக் கால்வாசி. மீதியை அக்காதான் எடுத்துச் சொல்வாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வலி அவனுக்கு, பதில் அவளுக்கு.

தம்பி அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வெட்டும் மெஷினில் இருந்தான். கம்பெனி மலையோரத்து ஊர் ஒன்றில் இன்னொரு கிளை திறந்திருந்தது. தன்னை அங்கே அனுப்புகிறார்கள் என்று அவன் வந்து சொன்ன அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜரைப் போய்ப் பார்த்து, வாயில்லாப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். அவன்தான் வாசலில் குறுக்கே நின்று தடுத்தான். சரி, போகிறவனுக்கு நல்ல போனாவது வாங்கிக் கொடுத்து அனுப்புவோம் என்று இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள். அவனுடைய பழைய போனில் விரிசல் விழுந்திருந்தது. யார் பேசினாலும் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு ஓடும்.

கடையில் பச்சைப் பலகைக் கம்பெனியும் ஆரஞ்சுப் பலகைக் கம்பெனியும் எதிரெதிராக மேஜை போட்டிருந்தன. அக்கா பச்சைக்காரி. அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். அந்த நிலவறைக்குள் பச்சை தவிர வேறெதுவும் எட்டாது. புருஷன், பிள்ளை, தம்பி எல்லாரும் அவளுடைய ஒரே குடும்பத் திட்டத்தில் இருந்தார்கள், அவள்தான் தலைமை எண். தினசரி டேட்டா தீர்ந்துபோனால் வேகம் குறைந்துவிடும். மற்றவர்களுக்கு அப்போது படம் நின்று நின்று ஓடும், அவ்வளவுதான். தம்பிக்கோ பேச்சே திக்கும். கை தூக்கியது தெரியும், இறக்கியது தெரியாது. சாயங்காலமானால் அக்கா தன் பங்கிலிருந்து எடுத்து அவனுக்குத் தள்ளிவிடுவாள். அதில் அவளுக்கு, தட்டில் இன்னொரு கரண்டி வைத்த மாதிரி ஒரு நிறைவு. அதனால்தான் ஆரஞ்சு மேஜைப் பக்கம் தம்பி போய் நின்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. பச்சையிலேயே இருக்கட்டும், தீர்ந்தால் நான் தருகிறேன் என்றாள். அங்கே பச்சைக்கு டவர் சரியில்லை என்றான். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் போன்களைப் பார்க்கிற சாக்கில் தலை குனிந்துகொண்டான்.

போனிலும் தகராறு வந்தது. இரண்டுதான் அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தன. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. குண்டு போனில் பேட்டரி நாள் கணக்கில் நிற்கும், கீழே போட்டாலும் உடையாது என்றாள் கடைப் பெண். அக்காவுக்கு அதுவே போதும். தம்பிக்கு முகம் தெரிந்து ஒன்றும் ஆகவேண்டியதில்லை. "இரண்டு கையும் தெரியணும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் போனைப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, பின்னால் நகர்ந்து, கையை வீசி, குனிந்து பார்த்து, மறுபடி நகர்ந்து அளந்துகொண்டிருந்தான். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைப் பெண்ணுக்கே அந்த யோசனை வந்தது. இரண்டு மாதிரிப் போன்களுக்கும் இணைப்புக் கொடுத்து, ஒன்றை அக்காவிடம் தந்து, வெளியே போய் நின்று பேசிப் பாருங்கள் என்றாள்.

அக்கா ஒல்லியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்புற நடைபாதையில் போய் நின்றாள். உள்ளே தம்பி குண்டுக்கு முன்னால் நின்று பேசினான். முகம் பளிச்சென்று வந்தது. விரல்கள்தான் வேகம் கூடியபோதெல்லாம் தண்ணீரில் விட்ட மை மாதிரி கலைந்துபோயின. அவள் திரும்பி வந்து போனை மாற்றிக்கொண்டு மறுபடி போனாள். இந்தத் தடவை ஒல்லி அவனை இடுப்பிலிருந்து உச்சிவரை முழுசாகக் காட்டியது. கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பசைகூடத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள். போதும் என்று அவன் அணைத்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் அணைக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். அங்கேயே நின்னு கேளு. உள்ள வந்துடாதே," என்றான் கையால்.

ஒரு லாரி நடுவில் வந்து நின்றது. கடையும் கண்ணாடியும் மறைந்தன. அவள் உள்ளங்கையில் மட்டும் அவன் இருந்தான்.

"என்னை யாரும் அனுப்பலை. நான்தான் கேட்டு வாங்கினேன்."

ஒரு கையில் போனைப் பிடித்திருந்ததால் அவளால் பாதிப் பேச்சுதான் பேச முடிந்தது. இருக்கிற கையால், ஏன், என்று கேட்டாள். அந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அவன் சொன்னான். அவளுக்கும் காது கேட்காது. பேக்கரியில் கேக்குகள்மேல் கிரீமால் பூ வைக்கிற வேலை. கேட்காதவர்களின் வீடியோ குழு ஒன்றில்தான் பழக்கம். அவள் வீட்டுப் பக்கம் பச்சைக்கு ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், மழை வந்தால் அதுவும் போய்விடும். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வா என்று சொன்னவளும் அவள்தான். கேட்காதவர்கள் எல்லாருக்கும் பொதுவான கைமொழியை அவளிடம்தான் கற்றுக்கொண்டானாம். சொல்லிக்கொண்டே அதில் ஏதோ இரண்டு வார்த்தை போட்டுக் காட்டினான். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியின் கைகள் பேசி அவளுக்குப் புரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். ஒற்றைக் கையால் கேட்டதில் அது அரைகுறையாகத்தான் வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சொன்னா நீ போய் அவங்க வீட்டுல பேசிடுவே. எனக்காக எல்லாத்தையும் நீயே பேசிடுவே. இது ஒண்ணையாவது நான் பேசணும்க்கா."

லாரி நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் சின்னதாகவும் கையில் பெரிதாகவும் தெரிந்தான். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் என் வாயை வாடகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுகிறானே என்று இருந்தது. அப்புறம் என்னவோ அவனுடைய தொழிற்சாலை வேலைக்கான நேர்காணல் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வேலை ஏன் வேண்டும் என்று மேனேஜர் அவனைக் கேட்டார். குடும்பக் கஷ்டம் சார், நல்லா உழைப்பான் சார் என்று அவள் சொன்னாள். வேலை கிடைத்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நடைபாதையில் போனவர்கள், போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற பொம்பளையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளே வந்ததும் கடைப் பெண் ஆவலாகக் கேட்டாள்: "படம் எப்படிக்கா இருந்துச்சு?"

"எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது," என்றாள் அக்கா.

ஒல்லியே முடிவாயிற்று. ஆரஞ்சு சிம் யார் பேரில் போடட்டும் என்று கடைப் பெண் வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பதில் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்தப் பேர், எந்த விலாசம், எந்தத் திட்டம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடுவது அவ்வளவு சுலபமாக இல்லை, தும்மலை அடக்குகிற மாதிரி இருந்தது. மெதுவாக நகர்ந்துபோய், வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த விளம்பரக் குடும்பத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைப் பெண் வேறு வழியில்லாமல் தம்பியைப் பார்த்தாள். அவன் போனில் ஏதோ தட்டிக் காட்டினான். அவள் படித்துவிட்டுப் பதிலுக்குத் தட்டினாள். அவன் தட்ட, அவள் தட்ட, போன் இங்குமங்கும் போய்வந்தது. ஒரு கட்டத்தில் கடைப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அவனை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என்ன சொன்னான் என்று எட்டிப் பார்க்க அக்காவுக்குக் கால் துறுதுறுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்காக அவள் அன்றைக்கே மனம் ஆறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் அவனோடு பேசவில்லை. மற்றவர்கள் பேசாமலிருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள், அவள் கையை முந்தானையில் சுற்றிவைத்துக்கொண்டாள். அவன் எதிரில் வந்து நின்றால் காய் நறுக்கினாள், துணி மடித்தாள். "இப்படியே அனுப்பிட்டு அப்புறம் கிடந்து தவிப்பே," என்று புருஷன் சொல்லிப் பார்த்தார். அவன் கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில், இன்னும் கோபமா என்று அவன் கேட்டபோதுதான் முந்தானையை விட்டாள். அங்கே குளிரும், கம்பளியை மேலேயே வை, அடியில் திணிக்காதே என்றாள். அவன் பையைத் திறந்து கம்பளியை எடுத்து மேலே வைத்துக் காட்டினான்.

மறுநாள் வேலையில் இருக்கும்போது பச்சைக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. உங்கள் குடும்பத்திலிருந்து ஒரு எண் நீக்கப்பட்டது. தேய்ப்பு மெஷினிலிருந்து சூடாக இறங்கிய படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவளும் மறு முனையை உடன் வேலை செய்கிற பெரியம்மாவும் பிடித்திருந்தார்கள். அவள் முனை அப்படியே நின்றுபோனது. பெரியம்மா வந்து போனை வாங்கிப் படித்துவிட்டு, "கம்பெனிக்காரன் எழுதுறதுக்கெல்லாம் அழுவாங்களா? முனையைப் பிடி," என்றாள். அவள் பிடித்தாள். அதன் பிறகு சாயங்காலங்களில் அவள் பங்கு டேட்டா தீராமல் மிஞ்சியது. யாருக்குத் தள்ளுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மகன் அதையெல்லாம் கிரிக்கெட் பார்த்துத் தீர்க்கக் கற்றுக்கொண்டான்.

தம்பி நாள் தவறாமல் கூப்பிட்டான். அறை, ஜன்னல், புது மெஷின், மலைமேல் இறங்கும் மேகம் எல்லாவற்றையும் காட்டினான். அந்தப் பெண்ணை மட்டும் காட்டவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது மட்டும் அவளுக்கு நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

ஒரு மதியம் டீ குடிக்கிற நேரத்தில் கூப்பிட்டான். அவள் நிலவறைப் படியேறி, அழுக்குத்துணி வண்டிகள் வந்து நிற்கிற பின்வாசலுக்குப் போய், போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள். அவன் சொந்தமாகச் சமைத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினான். படத்தின் ஓரத்தில் முதலில் ஒரு தோள் வந்தது, பிறகு முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, பிறகு ஒடிசலான ஒரு பெண். நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. அவள் அக்காவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வேகமாக எதையோ கேட்டாள். அக்கா கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். தம்பி அந்தப் பெண்ணின் கைகளை முடிகிறவரை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் அக்காவின் பக்கம் திரும்பி, அவர்களுடைய பழைய அடுப்படிப் பேச்சில் எடுத்துச் சொன்னான்.

"சாப்பிட்டாச்சான்னு கேக்கறா."

அதை அவளிடம் எப்படிச் சொல்வது, சாப்பிட்டாச்சு என்பதற்கு உங்கள் பேச்சில் கை எப்படிப் போகும் என்று அக்கா கேட்டாள். அவன் அதை அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொல்லி, நீயே காட்டு என்பதுபோலத் தலையசைத்தான். அவள் போனுக்கு நேராக வந்து மெதுவாகச் செய்து காட்டினாள். அக்கா கழுத்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் போலவே செய்தாள். தப்பு. மறுபடி செய்தாள். வண்டி ஓட்டுகிறவர் பீடியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும் போலிருந்தது. எந்த விரல் என்று அக்காவுக்குத் தெரியவில்லை, கையை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பெண் பொறுக்கமாட்டாமல், நடுவில் மலையும் ஊர்களும் இருப்பதையே மறந்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துச் சரிசெய்து விடுவதற்காகக் கையை நீட்டினாள். திரை முழுக்க ஒரு உள்ளங்கை வந்து நின்றது, ரேகைகளும் ரேகைகளுக்குள் காய்ந்திருந்த இளஞ்சிவப்புக் கிரீமுமாக.