பேனரில் நின்ற நாரை

கண்ணீர் அஞ்சலி பேனரைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது அயனம்பாக்கம் குடியிருப்பின் வாசலில் நின்றவர்கள் இவர்கள்: இறந்துபோன ஓவியர் கார்த்திகேசனின் அண்ணன் கலியமூர்த்தி, அவர் மனைவி புஷ்பா, கார்த்திகேசனின் மகள் சுதா, கார்த்திகேசன் படம் போட்ட குழந்தைப் புத்தகங்களுக்குக் கதை எழுதிய முகமது இஸ்மாயில், பேனர் கடைக்காரர் பாண்டியன். தாங்களும் அங்கே இருந்ததாக இன்னும் பலர் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை.

பேனர் விரிந்தது. இடப்பக்கம் கார்த்திகேசன் சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம், ‘ஆறாத் துயரில் அண்ணன்’ என்ற எழுத்துக்கு மேல், கலியமூர்த்தியின் புகைப்படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாரை நின்றது. விறைத்த கழுத்து. அலகுக்கு மேல் முறுக்கு மீசை. மூக்குக்கண்ணாடி. சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தது.

புஷ்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

“யோவ், என்னய்யா இது?” என்றார் கலியமூர்த்தி.

“சுதா பாப்பா குட்த்த பென்டிரைவ்ல ‘அண்ணன்’னு ஒரு படந்தான் கீது சார். அத்த எட்த்துப் போட்டேன். நான் இன்னாத்தக் கண்டேன்?”

“நாரைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

பாண்டியன் பேனரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். “மீசை ஒத்துப்போச்சே சார்.”

“அப்பா எப்பவும் ஆளை மனசுல வெச்சுதான் வரைவாரு பெரியப்பா,” என்றாள் சுதா. “கோழி நான். கரடி இஸ்மாயில் மாமா.”

“தெரிஞ்சேதான் கதை எழுதிக் கொடுத்தேன் அண்ணே,” என்றார் இஸ்மாயில். “கரடிக்கு நல்ல வசனமா நானே போட்டுக்கிட்டேன்.”

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவடியிலிருந்து ஒரு வேன் கிளம்பிவிட்டது. தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அதில் வருகிறார்கள். தம்பியைப் பற்றி அவர்களிடம் “டிராயிங்ல இருக்கான்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். ஏதோ இயந்திர டிராயிங் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. அவர்கள் முன்னால் குடும்பத்தின் மூத்தவன் நாரையாக நிற்பதா?

“வேன் வர்றதுக்குள்ள இறக்கு.”

பாண்டியன் முடிச்சில் கை வைத்தார். அந்நேரம் செம்பருத்திப் பூக்களோடு படியிறங்கி வந்த மாடி வீட்டுச் சிறுமி வர்ஷா நின்றுவிட்டாள்.

“ஐ, மீசை நாரை! ஏன் இறக்குறீங்க?”

“தப்பா வந்துடுச்சும்மா,” என்றார் கலியமூர்த்தி.

“தப்பில்ல தாத்தா. வரிசையில நில்லு, வரிசையில நில்லுன்னு எல்லாரையும் திட்டுமே, அந்த நாரைதான். மழை வந்தா ஒத்தக் கால்ல நிக்கும். ஏன் சொல்லுங்க?”

“ஏன்?” கேட்டுவிட்டார்.

“இன்னொரு கால்ல குடை பிடிச்சிருக்குல்ல! தவளை நனையாம படம் போடணுமே.”

அப்போதுதான் படத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தார். நாரையின் தூக்கிய கால் ஒரு குடையைப் பிடித்திருந்தது. அதற்கடியில் ஒரு சின்னத் தவளை சேற்றில் குச்சியால் எதையோ வரைந்துகொண்டிருந்தது. குடையின் உடைந்த கைப்பிடியில் நீலக் கம்பி சுற்றியிருந்தது. சிறுவயதில் ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் அண்ணன் தம்பிக்கு இருந்த ஒரே குடை அது. கம்பியைச் சுற்றியது கலியமூர்த்தி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பாண்டியா, கயிறு தளர்ந்து கெடக்கு. இழுத்துக் கட்டு.”

“இறக்கச் சொன்னியே சார்?”

“துக்க வீட்டுல எதிர்த்துப் பேசாதய்யா.”

வேன் வந்தது. முதலில் இறங்கியவர் பேனரை அண்ணாந்து பார்த்தார். “மூர்த்தி, தம்பி டிராயிங்ல இருந்தார்னு சொன்னியே...”

“இந்த டிராயிங்தான்,” என்றார் கலியமூர்த்தி.

அதன்பிறகு பிள்ளைகள் பூவோடு வந்துகொண்டே இருந்தார்கள். வரிசையில் நிற்கச் சொன்னார். நின்றார்கள், எல்லோரும் ஒற்றைக் காலில். கார்த்திகேசனை வெளியே தூக்கிவந்தபோது தூறல் போட்டது.

கலியமூர்த்தியும் அன்று பிள்ளைகளோடு ஒற்றைக் காலில் நின்றார் என்று குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றார். தம்பிக்குக் குடை பிடித்திருந்தார், அவ்வளவுதான்.