கடைசி வரிசைக்கும் ஒரு பங்கு

மைதானத்துக்கு வெளிய நிக்கிற செல்ஃபோன் டவர் வேனுக்குள்ள சில்வண்டுக்கு இருப்பே கொள்ளல. ஓயாம பேசுறதால ஆபீஸ்ல வச்ச பேரு அது. உள்ள ஃபுட்பால் ஃபைனல்ஸ் நடக்குது, அவ அக்காதான் கோல்கீப்பர். கூட்டம் அம்முது, டிவிக்காரங்கதான் எட்டிக்கூடப் பாக்கல. காலு ஒடிஞ்சு வீட்டுல படுத்திருக்கிற அப்பாவுக்கு, கடைசி வரிசையில இருந்து அம்மாதான் வீடியோ கால்ல மேட்ச் காட்டணும். நம்ம டவர் இருக்கும்போது என்ன கவலைன்னு காலையில இருந்து சில்வண்டு அளந்து விட்டிருந்தா.

இப்போ அம்மாகிட்ட இருந்து மெசேஜ். "உன் டவரைத் தூக்கிக் குப்பையில போடு. அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியலையாம்."

ஆனா வேன் ஸ்கிரீன்ல டவரோட மொத்த ஸ்பீடு பிச்சு உதறுது. அதைப் பாத்துப் பாத்து பக்கத்துல உக்காந்திருக்கிற சீனியர் பூரிச்சுப் போயிருக்காரு. சில்வண்டு மண்டையைக் குடைஞ்சா, பொறி தட்டுச்சு. இருக்கிற அலைவரிசை கொஞ்சூண்டு. அதை டவர் கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எல்லா ஃபோனுக்கும் மாத்தி மாத்திப் பங்கு போடுது. சிக்னல் நல்லா இருக்கிறவங்களுக்கே முதல் பங்குன்னு செட்டிங். காலி மைதானத்துல டெஸ்ட் பண்ணப்போ ஜோரா இருந்துச்சு. இப்போ கிட்ட இருக்கிறவங்களே வழிச்சுத் தின்னுட்டாங்க, கடைசி வரிசைக்குச் சட்டி காலி.

எல்லாருக்கும் முறை வச்சுக் குடுப்போம் சார்னு கெஞ்சினா. மொத்த ஸ்பீடு பாதியாயிடும், மேலிடத்துல எனக்குத்தான் பூசை விழும்னு அவரு மழுப்பினாரு. அப்புறம் மனசு கேக்காம, "வேணும்னா உங்கம்மா நம்பருக்கு மட்டும் முன்னுரிமை போட்டுடவா?"ன்னாரு.

சரின்னு சொல்ல வாயெடுத்துட்டா. அதுக்குள்ள ஸ்கிரீன்ல அந்தக் கடைசி வரிசையைத் திறந்து பாத்தா, மொத்தமும் செவப்பு. ஒருத்தருக்கும் ஒண்ணும் போகல.

"வேணாம் சார். அம்மாவுக்கு மட்டும் படம் ஓடுச்சுன்னா பக்கத்து சீட்டுக்காரங்க மொத்திடுவாங்க. இங்க பாருங்க, இத்தனை பேரும் யாருக்கோ காட்டத்தான் ஃபோனைத் தூக்கிட்டு நிக்கிறாங்க."

சீனியர் அந்தச் செவப்பையே பாத்தாரு. உள்ள மேட்ச் டிரா, பெனால்டிக்கு விசில் ஊதுறாங்க. "மாத்தித் தொலை"ன்னாரு.

அவ தட்டினா. மொத்த ஸ்பீடு பொத்துனு விழுந்துச்சு, சீனியர் கண்ணை மூடிக்கிட்டாரு. கடைசி வரிசை மட்டும் மெல்ல மெல்லப் பச்சையாச்சு.

திடீர்னு மைதானமே அலறுச்சு. கோல் விழுந்துச்சா, அக்கா புடிச்சிட்டாளா? வேனுக்கு ஏது ஜன்னல்? சில்வண்டு நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்போது அப்பா கூப்பிட்டாரு. படம் அவருக்குக் கொஞ்சம் லேட்டாதான் போய்ச் சேந்திருக்கு.

"எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும்மா, மூஞ்சியே தெரியல," மூச்சு வாங்குது அவருக்கு. "ஆனா பந்தைப் புடிச்ச கை நம்ம பொண்ணு கைதான்."