ஆறிலிருந்து ஏழு வரை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நான். கேட்டவர் ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி.

என் மனைவி இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்கு அழைப்புமணி அடித்தது. தோளில் பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். அடையாள அட்டையைக் காட்டி, என் மனைவியின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார்.

"வெளிய போயிருக்கா," என்றேன்.

[அவள் நெடுந்தூர ஓட்டக்காரி. அந்த மட்டத்தில் ஓடுகிறவர்கள், தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் வந்து சோதிப்பார்கள். அவள் எழுதியிருந்தது: காலை ஆறிலிருந்து ஏழு வரை, வீடு. அவள் இறந்ததை அந்தப் பட்டியலுக்கு யாரும் சொல்லவில்லை.]

2

தொழிலில் நான் தண்ணீர்ப் பம்புகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறவன். எண் போடாமல் எழுத வராது. கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"அவள் ஓடும்போது காற்றே ஒதுங்கி வழிவிட்டது." பொய். எதிர்க்காற்றை அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

"முப்பத்தோரு முறை சோதித்தார்கள். முப்பத்தோரு முறையும் அவள்" இதை முடிக்கத் தெரியவில்லை. காரணம் நான்காம் பகுதியில்.

"அன்று அவள் கடிகாரம்" இதையும் பாதியில் விட்டேன். முடிக்கத் தெரியும். முடிப்பேனா என்று தெரியாது.

3

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆள் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரமும் காத்திருப்பது அவர்கள் விதி. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஓடப் போயிருக்காங்களா?"

"ஆமா."

"எப்ப வருவாங்க?"

"சொல்லிட்டுப் போகல."

சிரித்தார். "எனக்கு அவங்க வச்ச பேரு தெரியுமா சார்? மாமியார். கூப்பிடாம, விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கிறேன்ல."

"தெரியும்," என்றேன். தெரியாது.

"என்ன வேலைன்னு யாராவது கேட்டா ஆஸ்பத்திரின்னு சொல்லிடுவேன். அடுத்தவங்க ஒண்ணுக்குப் போறத நின்னு பாக்கறதுக்குச் சம்பளம்னு சொன்னா, என் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?"

தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "பயப்படாதீங்க. மூணு தடவை ஆள் இல்லன்னாதான் தடை. இது முதல் தடவை."

"சரி."

"கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரு போன் பண்ணுவேன். அதுக்கப்புறம் எழுதிட்டுக் கிளம்பிடுவேன்."

ஆறு ஐம்பத்தைந்துக்கு அவர் போன் செய்தார். எங்கள் இருவருக்கும் நடுவில், மேசைமேல், அவள் போன் அடித்தது. இருபத்து மூன்று நாளாக அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அது அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சொன்னேன்.

அவர் படிவத்தைப் புரட்டினார். "இதுல இதுக்குக் கட்டமே இல்ல சார்," என்றார். படிவத்தை மூடி வைத்துவிட்டு, "எப்படி?"

"தூக்கத்துல. இதயம் நின்னுடுச்சு."

"என்ன வயசு?"

"இருபத்தொம்பது."

"போஸ்ட்மார்ட்டம்?"

"பொண்ண வெட்ட வேணாம்னு மாமனார் சொன்னார். வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை சற்று நீண்டது. அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கு போட்டு விடை வந்தவர் பார்ப்பது போல இருந்தது.

[ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒரு மணி நேரம், அவள் வந்துவிடுவாள் என்று நம்பி உலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு இருந்தது.]

4

முப்பத்தோரு முறையும் அவள் சுத்தம் என்று வந்தது என எழுதப் போனேன். கிளம்பும்போது அதிகாரி சொன்னது குறுக்கே நின்றது.

"சுத்தம்னு நாங்க யாருக்கும் எழுதித் தர்றதில்ல சார். தேடினது கிடைக்கலன்னுதான் எழுதுவோம்."

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊசி ஒன்று இருக்கிறது. தசைகளுக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், ஓட்டம் நீளும். நிறையப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். படுக்கப்போகும் முன் துளியளவு போட்டு, தண்ணீரும் நிறையக் குடித்தால், விடிவதற்குள் அடையாளம் மங்கிவிடலாம். வீரர்களின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் குறித்துவைத்து ஒப்பிடும் முறையும் உண்டு. அது திடீர் ஏற்றத்தைப் பிடிக்கும். ஆரம்பத்திலிருந்தே எடுக்கிறவருக்கு ஏற்றம் எங்கே இருக்கும்? ஆறு மணிக்கு வருகிறவருக்கு ஆறு மணி உடம்பு மட்டும்தான் கிடைக்கும்.

மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரிப்பார்கள். ஒன்றைச் சோதிப்பார்கள். இன்னொன்றுக்கு முத்திரையிட்டு உறைய வைப்பார்கள். இன்று தெரியாதது நாளைக்கு ஒரு புதுக் கருவிக்குத் தெரியலாம் என்பதால் பத்து வருடம்வரைகூட வைத்திருப்பார்களாம். இறந்தவர்களின் குப்பியை யாரும் தாமாகத் திறப்பதில்லை. குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கேட்டால் திறப்பார்கள். ஒரே பக்கப் படிவம். கணவனோ உடன்பிறந்தவரோ கையெழுத்துப் போடலாம். அதிகாரி வந்துபோன பத்தாம் நாள் அந்தப் படிவம் எனக்குத் தபாலில் வந்தது. கூடக் கடிதம் எதுவும் இல்லை.

திறந்து, மருந்து இருந்தால் பதக்கங்கள் போகும். மாமனார் வீட்டுக் கூடத்தில் ஆணிகள் மட்டும் மிஞ்சும். மருந்து இல்லையென்று வந்தால், தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். முப்பத்திரண்டாவது முறையாக.

5

இந்த இடத்தில் கதை ஒரு வில்லனைக் கேட்கிறது. அவள் பயிற்சியாளர் கைவசம் இருக்கிறார். முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் தடித்த மோதிரமும் மாட்டிவிட்டேன்.

நிஜத்தில் அவர் இஸ்திரி போடாத அரைக்கைச் சட்டைக்காரர். ஓடி முடித்து வருகிறவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார், கொட்டையும் எடுத்துவிட்டு. அவள் போன பிறகு இரண்டு நாள் என் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவியவர் அவர்தான். எங்கே எது அடுக்கவேண்டும் என்று என்னைக் கேட்காமலே அடுக்கினார். அவரைச் சந்தேகிக்கச் சொல்லிக் கதைதான் நச்சரித்தது. எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியையும் மோதிரத்தையும் அடித்துவிட்டேன்.

இது புதன்கிழமை காலை வரை.

6

என் மச்சினிக்கு வீட்டில் வாலு என்று பெயர். அக்காவுக்கு எப்போதும் பத்தடி பின்னால் ஓடி வளர்ந்தவள். இருபத்திரண்டு வயது. அதே பயிற்சியாளர். வருகிற திங்கட்கிழமை அவரோடு மலைப் பயிற்சி முகாமுக்குக் கிளம்புகிறாள். புதன்கிழமை மத்தியானம் வந்தாள்.

"மாமா, இது வீடா குடோனா? ஜன்னலத் திறந்தா யாராவது அபராதம் போடறாங்களா?"

அவளே திறந்தாள். நின்றபடியே நாலு ரொட்டித் துண்டுகளைத் தின்றாள்.

"அக்கா வாட்ச் எங்க மாமா?"

"எதுக்கு?"

"கேம்ப்புக்கு. கோச் கேட்டார். படுக்கும்போதும் கட்டிக்கணுமாம். நாடி ரொம்ப இறங்கினா அதிருமே, அப்ப எழுந்து அம்பது தடவை குதிச்சிட்டுப் படுக்கணுமாம்."

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும். மலையில காத்து கம்மியாம். அவர் குதின்னா குதிக்கப் போறேன்." தட்டிலிருந்த துணுக்குகளை விரலால் ஒற்றியபடி, "ரெண்டு வருஷமா அதே டைம்தான் மாமா. ஒரு செகண்ட் குறையல. இந்தத் தடவை டீம்ல வரலன்னா, அப்பா சொல்ற பேங்க் பரீட்சைதான்."

தட்டைக் கழுவப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா ஏதாவது எடுத்தாளா?"

"முப்பத்தோரு தடவை டெஸ்ட் பண்ணாங்க," என்றேன்.

"அது எனக்கும் தெரியும்."

குழாயை மூடினாள். கடிகாரத்தைத் தேடி வைக்கிறேன், சனிக்கிழமை வா என்றேன். காலையில் ஓடிவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன் என்றாள். தேடுவதற்கு ஒன்றுமில்லை. கடிகாரம் என் கட்டில் பக்கத்து இழுப்பறையில் இருந்தது.

7

அன்று அவள் கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜில் போட்டவன் நான்.

அவள் இறந்த இரவு அதில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. அவள் தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று மெதுவாகக் கழற்றினேன். உதவி என்று நினைத்தேன். அதற்கு முந்தைய வாரங்களில் அது அதிரும், அவள் எழுந்து கூடத்தில் குதிப்பாள். ஒருமுறை என்னவென்று கேட்டேன். "இதுவும் டிரெயினிங்தான், நீங்க தூங்குங்க," என்றாள். தூங்கினேன்.*

* அந்த ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஓட்டக்காரர்களுக்கு நாடி ஏற்கெனவே குறைவு, தூக்கத்தில் இன்னும் குறையும். கெட்டி ரத்தம் உறைந்துவிடாமலிருக்க எழுந்து குதிப்பார்களாம். அதிகாரி வந்துபோன பிறகுதான் இதைப் படித்தேன். ஒரு கடிகாரம் எதையும் நிரூபிக்காது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை அதே கடிகாரம், அதே குதிப்பு, இன்னொரு பெண்ணுக்கு.

ஐந்தாம் பகுதியில் அடித்துவிட்ட வில்லனைத் திரும்ப எழுதுகிறேன். மோதிரம் வேண்டாம். ஆரஞ்சு இருக்கட்டும்.

8

முடிவுகள்.

(அ) படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன். குப்பியில் மருந்து இருக்கிறது. முடிவு வர நான்கு மாதம். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்.

(ஆ) கையெழுத்துப் போடுகிறேன். எதுவும் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் அந்தத் தாளை எல்லாருக்கும் காட்டுகிறார்.

(இ) கடிகாரம் தொலைந்துவிட்டது என்கிறேன். வாலு வேறு வாங்கிக்கொள்கிறாள்.

(ஈ) மாமனாரிடம் சொல்கிறேன். அவர் என்னை வெளியே போகச் சொல்கிறார். வாலு வீம்புக்காகவே போ

நிறுத்திவிட்டேன். எந்த முடிவிலும் நான்தான் நகர்கிறேன். ஓடப்போகிறவள் நான் இல்லை.

9

இதுவரை நீங்கள் என்று எழுதினேன். கதைக்கு அப்படித்தான் மரியாதை. ஆனால் இதைப் படிக்கப்போவது முதலில் ஒரே ஓர் ஆள்தான்.

வாலு, நீ அன்று கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எடுத்தாள். சோதனை அப்படிச் சொல்லாது, ஒருவேளை எப்போதுமே சொல்லாது. பக்கத்தில் படுத்திருந்தவன் சொல்கிறேன். ஏழாம் பகுதியை இரண்டு தடவை படி. அதில் என்னைப் பற்றி இருப்பதையும் சேர்த்து.

இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் கடிகாரம் இருக்கிறது. முழுச் சார்ஜ். அதன் கீழே படிவம். கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது, உடன்பிறந்தவரும் போடலாம். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நீ எதை எடுப்பாய் என்று எழுதிப் பார்க்கவில்லை.

மணி ஆறு. நான் அடுப்படியில் இருக்கிறேன். ஏழு வரை காத்திருப்பேன். அதுதான் விதி.