திரும்பிப் படுங்கள், முதலாளி

தூ முதலாளி என் மேசையில் குப்புறப் படுத்து, முகத்தைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டு, "ம்" என்றார். தேய்க்கத் தொடங்கு என்று அர்த்தம். அவருடைய குடும்பப் பெயர் தூ. பெயரைத்தான் சொல்கிறேன், துப்பவில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஊரில் சிலருக்கு வாயில் எச்சில் ஊறுவது உண்டு. குளிர் காரணமாக இருக்கலாம்.

சொரசொரப்பான துணியுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு, ஒரு வாளி வெந்நீரை அவர் முதுகில் ஊற்றினேன். வெந்நீர்க் குளத்தில் ஊறிச் சிவந்த மனிதர்களை இந்த மேசையில் கிடத்தி, பிடரியிலிருந்து குதிகால்வரை அழுக்கைத் திரிதிரியாக உருட்டி எடுப்பது என் வேலை. வடகிழக்கின் பனிக்காலத்தில் ஒருவன் மேல் சேரும் அழுக்கு வேறு எந்த வழியிலும் போகாது. குளியல் வீட்டின் பெயர் தங்கக் கடற்கரை. கடல் இங்கிருந்து ரயிலில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும். அதனால் பிளாஸ்டிக் தென்னை மரங்கள் வைத்திருக்கிறார்கள். நீராவி பட்டுப் பட்டு அவற்றின் ஓலை உருகி, தலை கவிழ்ந்து, ஏதோ தண்டனையில் நிற்பவை மாதிரி குளத்தைச் சுற்றி நிற்கும்.

இதே கூரைக்குக் கீழேதான் எங்கள் உலைக்கூடம் இருந்தது. ரயில் அச்சு அடித்தோம். இப்போது குளம் இருக்கும் இடத்தில் நீராவிச் சம்மட்டி நின்றது. அது விழும்போது தெருமுனைக் கடையில் முட்டை தானாக உடையும். கடைக்காரி உடைந்த முட்டையை எங்களுக்கே விற்பாள். அந்தக் காலத்தைப் பற்றி நான் கண்ணீர் விடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் நரகம், குளிர்காலத்தில் முன்பக்கம் மட்டும் நரகம். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் காது போயிற்று. எனக்குப் பாதிதான் போயிற்று. நான் கடைசல் எந்திரத்தில் இருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம். சம்மட்டியை ஓட்டிய மெங்குக்கு முழுசாகப் போய்விட்டது. அவன் பெண்டாட்டி ஷுஃபன் திட்டுவதற்குச் சுவரில் தட்டி அவனைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் போய்விடும் என்பாள். அவர்கள் வீட்டில் சண்டையே இல்லாததற்கு அதுதான் காரணம்.

காது போனவர்களுக்கு ஒரு பாஷை வேண்டுமே. சனிக்கிழமை தோறும் தொழிற்சாலைக் குளியலறையில் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவோம். அங்கே பிறந்த பாஷை அது. உள்ளங்கையைக் குவித்து முதுகில் ஓர் அடி: திரும்பிப் படு. இரண்டு அடி: முடிந்தது, எழுந்து போ, அடுத்தவன் வரலாம். குவித்த கை என்பதால் வலிக்காது. ஆனால் பட்டாசு மாதிரி கேட்கும். காதில் விழாவிட்டாலும் ஈர உடம்பில் விழும். மனிதனுக்கு மறந்தாலும் முதுகுக்கு மறக்காது. மெங் தூக்கத்தில் ஒரு கொசுவை அடித்தால்கூடத் திரும்பிப் படுப்பான். ஒன்றுக்கு இரண்டு கொசு இருந்தால் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

இந்தத் தூவும் அப்போது எங்களோடு அந்தக் குளியலறையில் கிடந்தவர்தான். மெங் சம்மட்டியை ஓட்ட, இவர் இடுக்கி பிடித்தார். ஓர் அடி விழுந்ததும் பழுத்த இரும்பைத் திருப்ப வேண்டும், மறு அடிக்கு மறுபடி திருப்ப வேண்டும். நன்றாகத் திருப்புவார். காது போவதற்குள் ஆபீஸுக்குப் போய்விட்டார். அங்கேயும் நன்றாகத் திருப்பியிருக்க வேண்டும், மேலாளர் ஆகிவிட்டார்.

அப்புறம் சீர்திருத்தம் வந்தது. யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பணியிலிருந்து இறங்குகிறீர்கள்" என்றுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி. மெங்கும் ஷுஃபனும் ஒரே நாளில் இறங்கினார்கள். பஸ் எங்கே போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டு போனது யார் என்று மட்டும் தெரியும். உலைக்கூடத்தை விற்றவர் மேலாளர் தூ. வாங்கியவர் தனிமனிதர் தூ. இது ஒன்றுக்கும் உதவாத இடம் என்று மேலாளர் சொன்னார். தனிமனிதர் அப்படியே நம்பினார். இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வரவில்லை.

அவர் எங்களில் சிலரை மறுபடி வேலைக்கு எடுத்தார். பழைய ஆட்கள் மலிவு. முதல் விதி, வருகிறவன் யாராக இருந்தாலும் முதலாளி என்று கூப்பிட வேண்டும். தோழர் என்ற வார்த்தையும் அன்றைக்கே பணியிலிருந்து இறங்கிவிட்டது. மாதம் ஒருமுறை சீட்டு வாங்கிக்கொண்டு வரும் வேலை போன கிழவர்களும் அதனால் இங்கே முதலாளிகள்தான். "மொதலாளி, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க." "எங்க மொதலாளி தள்றது, அந்தப் பக்கம் தென்ன மரம் இடிக்குது." வாசலைத் தாண்டிச் சட்டையை மாட்டியதும் அவர்கள் பழையபடி ஒன்றுமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

இரண்டாவது விதி போன வாரம் வந்தது. தெற்கே குவாங்சோவிலிருந்து பணக்காரர்கள் வருகிறார்கள், இங்கே பணம் போடப்போகிறார்கள், அவர்கள் மேல் கை ஓசை கேட்கக் கூடாது. முதுகில் தட்டுவது காட்டுமிராண்டித்தனம். "முதலாளி, தயவுசெய்து திரும்பிப் படுங்கள்" என்று வாயால் சொல்ல வேண்டும். தூ இதை எங்களை வரிசையாக நிறுத்தி, மெல்லிய நாகரிகமான குரலில் சொன்னார். மெங்கும் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டியபோது அவனும் ஆட்டினான்.

மறுநாள் வந்த விருந்தாளிகளில் ஒருவர் மெங்கின் மேசையில் கிடந்தார். மெலிந்த, வெள்ளை வெளேரென்ற மனிதர். மெங் முன்பக்கத்தை அருமையாகத் தேய்த்து முடித்துவிட்டு ஓர் அடி வைத்தான். தெற்கத்தி முதுகுக்கும் மார்புக்கும் எங்கள் பாஷை தெரியாது. அந்த மனிதர் மேசையிலிருந்து மீன் மாதிரி எழும்பி, தென்னை மரத்தில் மோதி, மரத்தோடு குளத்தில் விழுந்தார். உள்ளே ஊறிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் மட்டும் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க மொதலாளி" என்றார்.

தூ அங்கேயே, "இறங்கிக்கோ" என்று மெங்கிடம் சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை. மறுநாளும் வந்தான். வாசலில் எண் வில்லையும் செருப்பும் கொடுக்கிற பெண் அவனைத் தடுத்தாள். ஆள் வைத்து வெளியே தள்ளினார்கள். தள்ளினால் கேட்கும் அல்லவா, அப்போது புரிந்தது. அன்றிலிருந்து தினமும் வந்து, வெந்நீர்க் குழாய் போகும் வெளிச்சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு பனியில் நிற்கிறான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் மேசை.

இப்போது தூவின் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த விருந்தாளிகள் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றோடு பேச்சு முடிந்து கிளம்புகிறார்கள்.

"மொதலாளி, மெங் வெளிய நிக்கிறான்."

"எந்த மெங்கு?"

"நீங்க இடுக்கி புடிச்சப்ப சம்மட்டி ஓட்டினவன். ஒங்க கல்யாணத்துக்கு அவன் கோட்டத்தான் மாட்டிக்கிட்டுப் போனீங்க."

"கோட்டத் திருப்பிக் குடுத்தாச்சு. நல்லா அழுத்தித் தேய்."

அழுத்தித் தேய்த்தேன். முதலில் எல்லோருக்கும் வருவது போலச் சாம்பல் நிறத் திரிகள் வந்தன. பிறகு நிறம் கறுத்தது. விரலில் உருட்டிப் பார்த்தேன், இரும்புத் தூள். உலைக்கூடத்தில் இருந்தவன் உடம்பில் இரும்புத் தூள் இருப்பது இயல்பு, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஷுஃபனுக்கு நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு. வீட்டுல வர்றது இவன் ஒருத்தன் கூலிதான். இந்த ஊர்ல செவிடனுக்கு இதவிட்டா வேற வேல கெடையாது. உள்ள வேணாம், பின்னாடி கரி அள்ளவாவது விடுங்க."

"செவிடன்னு தெரியுதில்ல? அப்புறம் அவன எதுக்கு என் தலையில கட்டுற? சர்க்கார் சோறு தீர்ந்து போச்சு, லுவான். ஒங்க வயித்துக்குத்தான் அது இன்னும் புரியல."

"காது போனது நம்ம சம்மட்டியில மொதலாளி."

"அது சர்க்கார் சம்மட்டி. சர்க்கார்ட்ட போய்க் கேளு."

"சர்க்கார் சம்மட்டி எங்க போச்சு?"

நான் முதுகெலும்பின் ஓரமாக இறங்கினேன். ஒரு திருகாணி உருண்டு வந்தது. அதை வாளியில் போட்டேன். விலா ஓரத்தில் நாலைந்து எஃகுக் குண்டுகள், என் பழைய கடைசல் எந்திரத்தின் அச்சில் இருந்தவை, எண்ணெய்ப் பசைகூடப் போகாமல். இடுப்பு மடிப்பில் கூரைத் தகடு ஒன்று மடித்துவைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பளுதூக்கியின் கொக்கி தட்டுப்பட்டது. அதை இழுக்க ஒற்றைக் கை போதவில்லை. வாளி நிறைந்துவிட்டது. நம்பாதவர்கள் போய் அந்த வாளியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாளியும் அவருடையது.

"என்னடா டொங்கு டொங்குன்னு சத்தம்?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"அழுக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கு மொதலாளி. மெங் விசயம்."

அவர் முகத்தைத் துண்டிலிருந்து எடுத்தார். குளத்தில் இருக்கும் விருந்தாளிகளைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, அதே புன்னகையோடு, அதே மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார்.

"கெழவா, அவனோட நீயும் சேர்ந்து நின்னுக்கோ. சுவர் நீளமாத்தான் இருக்கு. இந்த முதுக முடிச்சிட்டு எறங்கிக்கோ."

"சரிங்க மொதலாளி."

எனக்குப் பாதிக் காதுதான். ஆனால் வேலைக்கு வேண்டியது அந்தப் பாதியில் விழுந்துவிட்டது. முதுகை முடிக்கச் சொன்னார், முடித்தேன். அடுத்தது முன்பக்கம். இறங்கிவிட்டவனுக்கு இரண்டாவது விதி கிடையாது. முதல் விதியும் கிடையாது. துணியுறையைக் கழற்றி வைத்தேன். உள்ளங்கையைக் குவித்து, அவர் முதுகின் நடுவில் ஓர் அடி வைத்தேன்.

கூரைவரை கேட்டது. தூ திரும்பி மல்லாந்தார். கோபத்தில் வாயைத் திறந்தவர், தான் ஏற்கெனவே திரும்பிவிட்டதைக் கண்டு கொஞ்சம் குழம்பினார். "டேய்" என்று ஆரம்பித்தார். நான் மார்பில் ஓர் அடி வைத்தேன். குப்புறத் திரும்பினார். மிச்ச வார்த்தை துண்டுக்குள் போயிற்று.

குளத்தில் ஊறிக்கொண்டிருந்த பழைய உலைக்கூடத்துக் கிழவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். அவர்களுக்குக் காது கேட்காது, தண்ணீர் சொல்லியிருக்கும். இன்னோர் அடி. மல்லாந்தார். இன்னோர் அடி. குப்புறக் கிடந்தார். எழுந்திருக்கத்தான் பார்த்தார், பாவம், கழுத்து நரம்பு புடைத்தது, கை மேசையைப் பிடித்தது. ஆனால் அந்த முதுகு எங்கள் குளியலறையில் வளர்ந்த முதுகு. இரண்டு அடி விழாமல் எழுந்துபோக அதற்குத் தெரியாது.

"நிறுத்து," என்றார் மல்லாந்து. "மெங்க வரச் சொல்றேன்," என்றார் குப்புற. அல்லது மெங்கைக் கொன்றுவிடுவேன் என்றாரோ என்னவோ, துண்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவு செய்வது? வாசலில் வில்லை கொடுக்கும் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். விருந்தாளிகளில் அன்று குளத்தில் விழுந்த மெலிந்த மனிதர், கணக்குப் புரிந்துவிட்ட மாதிரி, ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டத் தொடங்கினார்.

எனக்கு வயதாகிவிட்டது, கை ஓய்ந்துபோயிற்று. ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சு வாங்கினேன். தூவும் மூச்சு வாங்கினார். உடம்பு முழுக்கச் சிவந்து, ஆவி பறக்க, உலையிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்டது மாதிரி கிடந்தார். என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் எனக்கு ஒரு சுவர் அல்ல, ஒரு சிறைச்சாலையே தயாராக இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, ஓர் அடி விழுந்தது. குவித்த கை. ஒன்றே ஒன்று. உருகிய தென்னையோலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசை அதிர்ந்தது.

தூ முதலாளி திரும்பிப் படுத்தார்.