ஸ்வர்ணலதாவின் இரண்டு ஃபைல்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மேற்கு மாம்பலத்தில், ஒரு மருந்துக்கடை வரிசையில். முன்னால் நின்ற பெண் ஒரு பொய் சொன்னாள். பொய் என்று எனக்குப் புரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். நான் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அவள் பெயர், கணவர், வீடு எல்லாம் பிறகு நான் கட்டியவை.

2

தொடக்கம்: 'ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை அய்யாதுரையின் இதயம் ஒரு...'

(வேண்டாம். இதயம் என்று எழுதியதும் கை கவிதைக்குப் போகிறது.)

மறுபடி: ஸ்வர்ணலதாவிடம் இரண்டு ஃபைல்கள் இருந்தன. பச்சை, டாக்டர் சண்முகசுந்தரத்துக்கு. அவர் கணவரின் ஊர்க்காரர். இருபது வருடமாக அவர்தான் வீட்டு டாக்டர். நீலம், அடையாறு பெரிய டாக்டருக்கு. படபடப்பு என்று மூன்று வாரம் முன்பு மகள் அப்பாவைக் கூட்டிப்போன இடம்.

"இன்னொருத்தரப் பாத்தோம்னு தெரிஞ்சா சண்முகம் மனசு ஒடிஞ்சிருவான்" என்றார் கணவர் அய்யாதுரை. அடையாறில், இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். ஊர்க்காரன் எழுதியதை வேறொருவர் குறை சொல்லிவிடக் கூடாதே.

பச்சையின் மாத்திரை ஒரு கடையில், நீலத்தின் மாத்திரை இன்னொரு கடையில். அதையும் அவள் ஒழுங்காகச் செய்தாள்.

3

அன்று காலை ஒரு கடை மூடியிருந்தது. காலி மாத்திரை அட்டைகள் இரண்டையும் மற்றக் கடையில் இருந்த ஹபீபுர் ரஹ்மானிடம் நீட்டினாள்.

"அக்கா, மெட்டோப்ரோலால், வெரபாமில், ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

"ஏன் தம்பி?"

"ரெண்டுமே துடிப்பக் கொறைக்கும்க்கா. சேந்துதுன்னா ஆளையே சாய்ச்சிடும். டாக்டர் தெரிஞ்சுதான் எழுதிகீறாரா?"

"ஒண்ணு அவுகளுக்கு. இன்னொண்ணு எங்க கொழுந்தனாருக்கு."

(இங்கே அவளை நான் நம்பவில்லை. கெட்டிக்காரி ஏன் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஆமாம், ஒரே ஆளுக்குத்தான் என்றால், மூன்று வாரமாகத் தினமும் இரண்டையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தது அவள். அதை அந்த வரிசையில் நின்று அவளால் கேட்டுக்கொள்ள முடியவில்லை.)

4

வீட்டில் அய்யாதுரை ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி நாற்காலியில் இருந்தார்.

"கண்ணு இருட்டுது. காலையில நீ எடுத்துக் குடுத்த ரெண்டு மாத்திரையும் போட்டுட்டேன், சரியாயிரும்."

ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினாள். நாடி முப்பத்தெட்டு. மறுபடி கட்டினாள். முப்பத்தாறு.

"ஆடித் தள்ளுபடி மாதிரி எறங்கிட்டே போகுதே" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது.

அவள் சண்முகசுந்தரத்தைப் போனில் அழைத்தாள்.

5

முடிவு ஒன்று: மாத்திரையை நிறுத்துகிறாள், பிழைத்துக்கொள்கிறார், எந்த டாக்டருக்கும் தெரியாது. (என் கோழைத்தனம்.)

முடிவு இரண்டு: ஆம்புலன்ஸ் வரும்போது அவர்

(முடியவில்லை.)

நடந்தவரை சொல்கிறேன்.

"மதினி, அண்ணாச்சியப் படுக்க வைங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லிடுறேன். வேற யாராச்சும் குடுத்த மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா?"

டாக்டர் குரல் அறை முழுதும் கேட்டது. அய்யாதுரை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தலையசைத்தார். சொல்லாதே. பிடியில் வலுவே இல்லை.

அவள் வாய் திறந்திருக்கிறது. அடுத்த சொல்லை நான் எழுதப் போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"மதினி? லைன்ல இருக்கீகளா?"