மைக்கில் அழைத்த பெயர்

வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தில் மைக் வைக்கலாம் என்று யோசனை சொன்னதே, கவுண்டரில் பெயர் கூப்பிடும் அவள்தான். கூப்பிடுவது பின்வரிசைக்குக் கேட்பதில்லையே என்ற நல்லெண்ணம். மைக் வந்த பிறகு மாதாமாதம் ஆட்கள் குறைந்தார்கள். "எல்லாருக்கும் வேலை கிடைச்சிருச்சு போல!" என்று மேலாளர் பூரித்துப்போனார். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

அன்று காலை முதல் சீட்டை எடுத்துப் பழக்கதோஷத்தில் படித்துவிட்டாள். பெயர் கூடமெங்கும் முழங்கிய பிறகுதான் உறைத்தது. அக்கா கணவரின் பெயர்!

மூன்றாம் வரிசையில், தொப்பியை நெற்றிவரை இறக்கிக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் அத்தான் உட்கார்ந்திருந்தார். நேற்றுகூட அக்கா போனில், "உங்க அத்தானுக்கு ஆபீஸ்ல மூச்சுவிட நேரமில்லடி" என்று அலுத்துக்கொண்டாளே!

மூன்று முறை அழைத்தும் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து. மறுபடி கூப்பிடும்படி மேலாளர் சைகை காட்டினார். அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் அத்தான் வாசலைத் தாண்டிவிட்டார்.

ஓடிப்போய்ப் படிக்கட்டில் பிடித்தாள். "அத்தான்!"

"அட, நீயா? சும்மா, வெயிலுக்கு ஒதுங்கினேன்..." பொய் பாதியிலேயே நொண்டியது. "என் பேரு இவ்வளவு நீளம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"வேலை போயிடுச்சா? எப்போ?"

"குளிர் ஆரம்பிச்சப்போ. முன்னாடியே ரெண்டு தடவை வந்தேன். உன் குரல் கேட்டதும் திரும்பிட்டேன். இன்னிக்கு உனக்கு லீவுன்னு நெனச்சேன். போன தடவை பக்கத்துல இருந்தவரும் என்கூடவே எந்திரிச்சுப் போயிட்டார். பாவம், அவருக்கு யார் மச்சினியோ!"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலை கிடைத்துப் போனவர்கள் எத்தனை பேர்? தன் குரலுக்குக் கூசிப் போனவர்கள் எத்தனை பேர்?

"உள்ள வாங்க அத்தான்."

"உங்க அக்காவுக்கு..."

"அது உங்க ரெண்டு பேர் பாடு. நான் வாயே திறக்க மாட்டேன். இதுவரைக்கும் திறந்ததே போதும்."

அத்தான் தயங்கித் தயங்கி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவள் மைக்கின் வயரைப் பிடுங்கினாள்.

"என்னம்மா, ரிப்பேரா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார். ரொம்ப நாளாவே. எனக்குத்தான் தெரியல."

மூன்றாம் வரிசைக்கு நடந்துபோய் அத்தானின் தோளைத் தொட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கவுண்டர்வரை சேர்ந்தே நடந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.